சிஸ்டம் மாற்றிய பிறகு சாட் அறிவிப்பு வருவதே இல்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூவின் மேல்பகுதியை (அப்பர்) தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால், ஏறக்கூடிய சிஸ்டங்களை விண்டோஸ் 11-க்கு ஏற்றினோம். ஏறாதவற்றைக் கழித்துவிட்டுப் புதிதாக வாங்கினோம். மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தது: "இன்னா சார், மெசேஜ் வந்து கீது, ஆனா ஒண்ணுமே காட்டலியே." ஃபேக்டரி, வேலூர் ஆபீஸ், ஆம்பூர் யூனிட் என்று மூன்று பக்கமிருந்தும் இதே புகார். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைக்கிறேன். நாங்கள் பயன்படுத்துவது மைக்ரோசாஃப்டின் சாட் ஆப்பான டீம்ஸ். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காகச் சிலர் ஸ்லாக் என்ற இன்னொரு சாட் ஆப்பிலும் இருக்கிறார்கள். ஆப் எதுவானாலும் தேடும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

எனக்கு வந்த மெசேஜ் எல்லாம் தொலைந்துபோய்விட்டதா?

தொலையவில்லை. மெசேஜ் சர்வரில் இருக்கிறது. ஆப்பைத் திறந்தால் தடித்த எழுத்தில் காத்துக்கொண்டிருக்கும். தபால்காரர் சைக்கிள் மணி அடிக்காமல் கடிதத்தைத் திண்ணையில் போட்டுவிட்டுப் போன மாதிரிதான். சந்தேகமாக இருந்தால் அதே கணக்கைப் போனில் திறந்து பாருங்கள். அங்கே மெசேஜ் இருந்தால் கோளாறு மணியில் மட்டும். அங்கேயும் இல்லையென்றால் லாகின் அல்லது நெட் பிரச்சினை. அதற்கு இந்தப் பக்கம் உதவாது.

வருகிறதா இல்லையா என்று எப்படிச் சோதிப்பது?

இதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். பக்கத்து சீட்காரரிடம் "ஒரு ஹாய் போடு" என்று சொல்லிவிட்டு, அவருடைய சாட்டையே திறந்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருப்பார்கள். அந்த உரையாடல் கண் முன்னால் திறந்திருந்தால் பாப்-அப் வராது. வரவும் கூடாது. நமக்கு நாமே மெசேஜ் போட்டுக்கொண்டாலும் வராது. ஆப்பை மினிமைஸ் செய்துவிட்டு, எக்செல்லைத் திறந்து ஏதாவது வேலை செய்யுங்கள். அப்போது வேறொருவர் அனுப்பட்டும்.

முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

திரையின் வலது கீழ் மூலையில், நேரமும் தேதியும் காட்டும் இடத்தில். அங்கே ஒரு மணிப் படம் இருக்கும். அது தூங்குவது போல 'z' என்ற குட்டி எழுத்துகளோடு தெரிந்தால் 'டூ நாட் டிஸ்டர்ப்' (தொந்தரவு செய்யாதே) ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தேதியைத் தொட்டால் திறக்கும் பலகையின் மேல் பக்கத்தில் அதே மணி இருக்கும், அதைத் தட்டி 'டூ நாட் டிஸ்டர்ப்'பை அணைத்துவிடலாம். விண்டோஸ் 10-இல் இதற்கு 'ஃபோகஸ் அசிஸ்ட்' என்று பெயர். பெயர் மாறியதால் பழைய ஆட்கள் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு குழப்பம் கீபோர்டில். முன்பு விண்டோஸ் பட்டனோடு ஆங்கில 'ஏ' எழுத்தைத் தட்டினால் அறிவிப்புப் பட்டியல் திறக்கும். இப்போது அதே தட்டலில் வைஃபை, சவுண்ட் பட்டன்கள்தான் வருகின்றன. அறிவிப்புகள் 'என்' எழுத்துக்குப் போய்விட்டன. எங்கள் அக்கவுண்ட்ஸ் அம்மா ஒரு வாரம் 'ஏ'-வைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "அறிவிப்பையே எடுத்துட்டாங்க போல" என்று முடிவே கட்டிவிட்டார். பலகையில் நாற்பத்துச் சொச்சம் அறிவிப்புகள் அடுக்கியபடி கிடந்தன.

நான் அந்த மணியைத் தொடவே இல்லையே. தானாக எப்படி அணைந்தது?

தானாகத்தான் அணையும். செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், 'டூ நாட் டிஸ்டர்ப்' தானாக எப்போது ஓட வேண்டும் என்ற பகுதியை விரித்துப் பாருங்கள். குறிப்பிட்ட நேரங்களில், திரையைப் புரொஜெக்டரில் அப்படியே காட்டும்போது, கேம் ஆடும்போது, ஒரு ஆப் முழுத்திரையில் இருக்கும்போது, விண்டோஸின் பெரிய அப்டேட் முடிந்த முதல் ஒரு மணி நேரத்தில் என்று ஐந்து டிக் பெட்டிகள் இருக்கும். இவற்றில் பல, நீங்கள் கேட்காமலேயே டிக் ஆகி இருக்கும்.

கடைசிப் பெட்டியைக் கவனியுங்கள். அப்டேட் முடிந்ததும் ஒரு மணி நேரம் அதுவே வாயை மூடிக்கொள்கிறது. நானோ அப்டேட் போட்ட கையோடு, "எல்லாம் சரியா வருதா பாருங்க" என்று ஆளாளுக்கு மெசேஜ் அனுப்பிச் சோதித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை என்றதும் இரண்டு சிஸ்டங்களில் ஆப்பையே கழற்றி மாட்டினேன். ஒரு டீ குடித்துவிட்டு வந்திருந்தால் போதும்.

முழுத்திரைப் பெட்டிதான் எங்களுக்குப் பெரிய செலவு வைத்தது. எங்கள் டிஸ்பாட்ச் அண்ணன் காலையிலிருந்து மாலை வரை ரிமோட் டெஸ்க்டாப்பில்தான் (வேறொரு கணினியை நம் திரையிலிருந்தே இயக்கும் வசதி) இருப்பார். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் சர்வரில் இருப்பதால், அந்த விண்டோவை முழுத்திரையாக விரித்து வைத்திருப்பார். அவருடைய சொந்த சிஸ்டத்தின் பார்வையில் நாள் முழுக்க ஒரு ஆப் முழுத்திரையில் இருக்கிறது. எனவே நாள் முழுக்க அமைதி. ஒருநாள் ஆம்பூரிலிருந்து குவாலிட்டி பார்க்கும் பெண் 11:10-க்கு மெசேஜ் போட்டிருக்கிறார்: "அண்ணா, பிரவுன் லாட்டை ஏத்தாதீங்க. ஷேட் மாறியிருக்கு. பையர் சாம்பிளோட ஒத்து வரல." அண்ணன் அதைப் பார்த்தது சாப்பாட்டு நேரத்தில், ரிமோட் விண்டோவைச் சுருக்கியபோது. பெட்டிகள் ஏறி, சீல் வைத்து, லாரி சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டது. டிரைவரைப் போனில் பிடித்து, காவேரிப்பாக்கம் தாண்டிய வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தோம். ஒரு நாள் லோடிங் கூலி, வண்டி வாடகை, அண்ணனின் ரத்த அழுத்தம், எல்லாம் அந்த ஒற்றை டிக் பெட்டிக்காக. பெட்டியை நீக்க எனக்கு நான்கு விநாடி ஆனது.

ஆகவே ரிமோட் டெஸ்க்டாப், சிசிடிவி திரை, பிரவுசரில் எஃப்11 போட்டு வேலை செய்பவர்கள் எல்லாரும் அந்தப் பெட்டியை முதலில் நீக்குங்கள். புரொஜெக்டர் பெட்டியை மட்டும் விட்டுவையுங்கள். பையர் முன்னால் விலைப்பட்டியலைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, "எவ்வளவு வரைக்கும் இறங்கலாம்?" என்று முதலாளியின் மெசேஜ் மேலே எட்டிப் பார்ப்பது நல்லதில்லை.

நோட்டிஃபிகேஷன் பட்டியலில் டீம்ஸ் ஆன் என்றுதான் காட்டுகிறது. ஆனாலும் வரவில்லை.

பட்டியலை இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்துங்கள். ஒரே பெயரில் இரண்டு இருக்கிறதா? பழைய டீம்ஸுக்கான ஆதரவு 2024 ஜூலை 1-ஆம் தேதியோடு நின்றது. புதிய டீம்ஸ் தனி ஆப். அண்ணனுக்குக் கொடுத்த அனுமதி தம்பிக்குச் செல்லாது. ஆன் ஆகியிருப்பது பழையதாக இருக்கலாம். இரண்டையும் திறந்து, பேனர் (பாப்-அப்) காட்டு, அறிவிப்புப் பலகையில் காட்டு, சத்தம் போடு என்ற மூன்றும் ஆன் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பேனர் அணைந்திருந்து பலகை மட்டும் ஆன் ஆகியிருந்தால் மெசேஜ் சத்தமின்றி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆப் பட்டியலிலேயே இல்லையா? ஒரு ஆப் முதல் அறிவிப்பை அனுப்பிய பிறகுதான் அந்தப் பட்டியலில் ஏறும். ஒரு மெசேஜ் வரட்டும், பிறகு பாருங்கள்.

விண்டோஸ் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. அடுத்து?

ஆப்புக்குள் போங்கள். டீம்ஸில் உங்கள் படத்தின் மேல் நடுவில் கோடு போட்ட சிவப்பு வட்டம் இருந்தால், நீங்களே எப்போதோ 'தொந்தரவு செய்யாதே' என்று வைத்திருக்கலாம். இந்த ஸ்டேட்டஸ் சர்வரில் இருப்பதால், புது சிஸ்டம் வாங்கினாலும் கூடவே வரும். குறிப்பிட்ட உரையாடலை மட்டும் மியூட் செய்திருந்தாலும் அப்படித்தான். பிறந்தநாள் வாழ்த்துகள் கொட்டுகின்றன என்று மியூட் செய்த குரூப்பில்தான் பெரும்பாலும் ஷிஃப்ட் மாற்றமும் வரும்.

சேனலில் போடும் மெசேஜுக்கு எல்லாருக்கும் மணி அடிக்காது. பெயரைக் குறிப்பிட்டுப் போட்டால்தான் அடிக்கும்படி பலரிடம் அமைந்திருக்கும். அனுப்புகிறவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

பகலெல்லாம் அமைதி, ராத்திரி பத்து மணிக்கு மேல் டிங் டிங் என்று அடிக்கிறது. பேயா?

டைம் ஸோன். வேலூர் ஆபீஸில் ஒரு மெர்ச்சண்டைசருக்கு இதே கதை நடந்தது. ஃபார்மேட் செய்து புதிதாகப் போட்ட சிஸ்டத்தில், டைம் ஸோன் அமெரிக்க மேற்குக் கரையிலேயே நின்றிருந்தது. ஸ்லாக்கில் அவர் இரவு 10 முதல் காலை 8 வரை அமைதி என்று வைத்திருந்தார். கணினியைப் பார்த்து ஸ்லாக்கும் அந்த ஊர் நேரத்துக்கு மாறிக்கொண்டது. குளிர்காலக் கணக்கில் அந்த ஊர் இரவு 10 நமக்குக் காலை 11:30. அந்த ஊர் காலை 8 நமக்கு இரவு 9:30. அதாவது அவர் வேலை செய்யும் நேரம் கிட்டத்தட்ட முழுவதும் அமைதி. வீட்டுக்குப் போய்ப் படுக்கப்போகும் நேரத்தில் சத்தம். "ஆபீஸ்ல யாருமே என்கிட்ட பேசறதில்லன்னு நினைச்சேன்" என்றார், பாவம்.

கடிகாரம் தப்பாக இருந்தால் கண்ணில் பட்டிருக்காதா என்று கேட்பீர்கள். பட்டது. அவர் டைம் ஸோனை விட்டுவிட்டு முள்ளை மட்டும் கையால் திருப்பி நம் நேரத்துக்கு வைத்துவிட்டார். பார்க்கச் சரியாக இருக்கும், உள்ளே கணக்கு பதின்மூன்றரை மணி நேரம் தப்பு. ஓடிபி ஆப்பில் அந்தச் சிஸ்டமே எண்ணைத் தயாரித்தால் அதுவும் செல்லாமல் போகும். சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி என்று போட்டிருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்து, நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி விடுங்கள். ஸ்லாக்கிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காலையில் ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போகிறதா? மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி அவ்வளவு தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்று ஆப் உள்ளேயே விடாது. பேட்டரியை மாற்றுங்கள்.

பாப்-அப் வருகிறது. சத்தம் மட்டும் இல்லை.

சத்தம் வேறு எங்கோ போகிறது. மாற்றிய சிஸ்டத்தில் மானிட்டரை எச்டிஎம்ஐ வயரில் இணைத்திருந்தால், ஸ்பீக்கர் இல்லாத மானிட்டருக்கே சத்தத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு வெளியீட்டை மாற்றுங்கள். வால்யூம் மிக்ஸரில் அந்த ஆப்பின் கோடு மட்டும் பூஜ்யத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கட்டிங் செக்ஷன் மேஜையில் இருப்பவர்களுக்கு ஒன்று: அங்கே தோல் வெட்டும் கிளிக்கிங் பிரஸ் விழும் சத்தத்தில் எந்த டிங்கும் காதில் ஏறாது. சத்தத்தை நம்பாமல் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

பாப்-அப் வந்த வேகத்தில் மறைந்துவிடுகிறது. நிறுத்தி வைக்க முடியுமா?

முடியும், இதைத் தெரிந்தவர்கள் குறைவு. வழக்கமாக 5 விநாடிதான் நிற்கும். செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் என்று போனால், அறிவிப்பு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற வரி இருக்கும். 5 நிமிடம் வரை நீட்டலாம். மேஜையை விட்டு எழுந்து எழுந்து லைனைப் பார்க்கப் போகும் சூப்பர்வைசர்களுக்கு 1 நிமிடம் வைத்தேன். 5 நிமிடம் வைத்த ஒருவர், மூலையில் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று மறுநாளே திட்டினார்.

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு அறிவிப்பு முதன்மைத் திரையில்தான் வரும். நீங்கள் பார்க்காத திரை முதன்மையாக இருந்தால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளுங்கள்.

டாஸ்க்பார் ஐகான் மேல் வரும் சிவப்பு எண்ணைக் காணோம்.

டாஸ்க்பாரில் ரைட் கிளிக், டாஸ்க்பார் செட்டிங்ஸ், கீழே பிஹேவியர்ஸ் பகுதி. பேட்ஜ் காட்டு, மினுக்கிக் காட்டு என்ற இரண்டையும் டிக் செய்யுங்கள்.

நான் ஆப் போடவில்லை, குரோமிலேயே சாட் பார்க்கிறேன்.

அப்படியானால் உங்களுக்கு மூன்று பூட்டு. அந்தத் தளத்துக்கு அறிவிப்பு அனுமதி இருக்க வேண்டும். குரோமுக்கு விண்டோஸ் அனுமதி தந்திருக்க வேண்டும். அந்த டேப் திறந்திருக்க வேண்டும். ஃபார்மேட் செய்த சிஸ்டத்தில் முதல் பூட்டு நிச்சயம் விழுந்திருக்கும். முதல் தடவை தளம் கேட்டபோது, எரிச்சலில் 'வேண்டாம்' தட்டியிருப்பீர்கள். அதன் பிறகு அது கேட்காது. முகவரிப் பட்டையின் இடது ஓரத்துச் சின்னத்தைத் தொட்டு அனுமதியை மாற்றுங்கள். மெமரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பிரவுசர் டேப்பைத் தூங்க வைப்பதும் உண்டு. சாட் தளத்தை அதிலிருந்து விலக்கி வையுங்கள். ஆப் போட முடிந்தால் ஆப்பையே போடுங்கள் என்பேன்.

கம்ப்யூட்டரில் வரவில்லை, சரி. போனிலும் ஏன் வரவில்லை?

கம்ப்யூட்டரில் நீங்கள் விழித்திருப்பதாக ஆப் நினைக்கிறது. டீம்ஸ் போன் ஆப்பில், டெஸ்க்டாப்பில் வேலை செய்யும்போது போனை அமைதியாக வைக்கும் வசதி உண்டு. ஸ்லாக்கிலும் அப்படி ஒன்று உண்டு. முன்பு கம்ப்யூட்டர் மணி அடித்தது, அதனால் போன் சும்மா இருந்தது யாருக்கும் உறைக்கவில்லை. இப்போது கம்ப்யூட்டரும் ஊமை, அதை நம்பிப் போனும் ஊமை. மேலே உள்ளவற்றைச் சரிசெய்யும் வரை போனில் அந்த வசதியை அணைத்து வையுங்கள்.

போனையும் புதிதாக மாற்றியிருந்தால், ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு ஆப்பும் அறிவிப்புக்குத் தனியாக அனுமதி கேட்கும். பேட்டரி சேமிப்பில் அந்த ஆப்பை முடக்கி வைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஆப்பைத் திறந்த உடனே பத்து மெசேஜ் மொத்தமாகக் கொட்டுகிறது. அதுவரை ஒன்றுமில்லை.

ஆப் ஓடாமலேயே இருந்திருக்கலாம். புது சிஸ்டத்தில் ஸ்டார்ட்அப் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும். மேல் மூலைப் பெருக்கல் குறியைத் தட்டினால் முழுதாக மூடிவிடுகிறதா என்றும் பாருங்கள். லேப்டாப்பில் சார்ஜர் இல்லாதபோது மட்டும் இப்படி என்றால் பேட்டரி சேவரின் வேலை.

ஓடிக்கொண்டிருந்தும் இப்படி என்றால் நெட் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால் பக்கம் பார்க்க வேண்டும். இந்த ஆப்கள் சர்வரோடு ஒரு இணைப்பை நாள் முழுக்கத் திறந்தே வைத்திருக்கும். மெசேஜ் அதன் வழியாக ஓடி வரும். நடுவில் இருக்கும் ஃபயர்வாலோ ஆன்டிவைரஸோ அதை அறுத்துவிட்டால், ஆப் தானாகப் போய்க் கேட்கும்போதுதான் மெசேஜ் வரும். இது உங்கள் கையில் இல்லை. சிஸ்டம் பார்ப்பவரிடம் "எல்லாருக்கும் இப்படியா, எனக்கு மட்டுமா?" என்று கேளுங்கள். எல்லாருக்கும் என்றால் அவருக்கே புரியும்.

பட்டன் சாம்பல் நிறத்தில் இருக்கிறது, தொட முடியவில்லை.

நிறுவனக் கொள்கையாகப் பூட்டியிருக்கிறார்கள். யூடியூபைப் பார்த்து விண்டோஸின் உள் அமைப்பான ரெஜிஸ்ட்ரியில் கை வைக்காதீர்கள். கேளுங்கள், திறந்துவிடுவார்கள்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது. இன்னும் இல்லை.

ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகியிருந்தால் ஷட்டவுனில் விண்டோஸ் முழுதாக இறங்குவதில்லை, பாதியை அப்படியே எழுதி வைத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாக ஏறும். பிறகு ஆப்பிலிருந்து லாக்-அவுட் செய்து திரும்ப வாருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால், ஆப்பின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முதலில் ரிப்பேர், பிறகு ரீசெட். ரீசெட் போட்டால் மறுபடி லாகின் கேட்கும், பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் புஷ் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று தொடங்கும் சர்வீஸ் நின்றுபோயிருந்தால் அதை ஓட்டிவிடுவது என் மாதிரி ஆட்களின் வேலை.

பேசாமல் பழைய விண்டோஸுக்கே போய்விடலாமா?

பழைய விண்டோஸின் மேலேயே ஏற்றியிருந்தால் 10 நாள் வரை திரும்பும் வழி இருக்கும். அதற்குப் பிறகு பழைய ஃபைல்களை அதுவே அழித்துவிடும். ஒரு மணிச் சத்தத்துக்காக, ஆதரவு முடிந்துபோன வீட்டுக்கு யாராவது திரும்பிப் போவார்களா? வேண்டாம்.

மெசேஜ் போட்டேன், அவர் பார்க்கவில்லை. தப்பு யாருடையது?

லாரி திரும்பி வந்த அன்று மாலை கேட்டுக்கு வெளியே இதுதான் சண்டை. "நான் 11:10-க்கே போட்டுட்டேன்" என்று அந்தப் பெண். "எனக்குக் காட்டவே இல்ல" என்று அண்ணன். இருவர் சொன்னதும் உண்மை. அப்டேட் போட்டபோது டிக் பெட்டிகளைப் பார்க்காமல் விட்டவன் நான், அதைச் சொல்லிவிட்டேன். ஆனால் என் கருத்து இன்னொன்றும் உண்டு: லோடை நிறுத்து, மெஷினை நிறுத்து, பணம் அனுப்பாதே போன்றவற்றை சாட்டில் மட்டும் போடுவது சரியில்லை. ஆம்பூர் சூப்பர்வைசர் பாய் அன்றே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். நிறுத்தச் சொல்லும் எதுவாக இருந்தாலும் முதலில் போன், பிறகு சாட்டில் எழுத்து. மறுமுனையிலிருந்து "நிறுத்திட்டேன்" என்று பதில் வரும் வரை போனை வைக்கக் கூடாது. டிஸ்பாட்ச் அண்ணனின் மேஜையில் இப்போது டீம்ஸ் டிங் என்கிறது, பேட்ஜும் காட்டுகிறது, பாப்-அப்பும் 1 நிமிடம் நிற்கிறது. அப்படியும் கன்டெய்னருக்கு சீல் வைக்கும் முன் ஆம்பூருக்கு ஒருமுறை போன் போட்டு, "ஏத்தலாமா மா?" என்று கேட்டுக்கொள்கிறார்.